லாடம் கழற்றுவதற்கு முன் தரையைக் காயவையுங்கள்

வாசகர் கேள்வி:

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கிரகரி வாவிக்கரையில் சவாரிக்கு விடும் மட்டக்குதிரைகள் இரண்டு உண்டு. பெட்டைக்கு 11 வயது, முன்கால் இரண்டிலும் லாடம். சின்னதுக்கு நாலு வயது, இன்னும் லாடம் அடிக்கவில்லை. லாடம் அடிப்பவர் தூரத்திலிருந்து வர வேண்டும். கடைசியாக வந்து பதினொரு கிழமையாகிவிட்டது. லாடம் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் குளம்பின் ஓரம் உடைகிறது, அடியில் கெட்ட வாடை வருகிறது, சல்லிக்கல்லில் கால் வைக்கத் தயங்குகிறது. லாடமே இல்லாமல் வளர்க்கலாமா? நாங்களே கவ்வாத்துக் கத்தியால் செதுக்கி, பழைய என்ஜின் ஒயில் பூசினால் போதும் என்கிறார் மாமா. கற்பிட்டிப் பக்கமிருந்து கொண்டுவந்த கழுதை ஒன்றும் நிற்கிறது. அதன் முன்குளம்பு செருப்பு மாதிரி நீண்டு வளைந்து போயிருக்கிறது. சாப்பாடு கிக்குயு புல், தவிடு, பேக்கரியில் மிஞ்சும் பாண்.

பதில்:

வணக்கம். உங்கள் பெட்டைக்குதிரை லாடமில்லாமல் நடக்கும். ஆனால் இந்த நவம்பர் மழைக்குள் கழற்றாதீர்கள். லாடம் அடிப்பவரை எப்படியாவது ஒருமுறை வரவழைத்து, பழைய லாடத்தை எடுத்து, குளம்பைத் திருத்தி, திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். லாடம் அடித்த குளம்பும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு மேல் விட்டால் நுனி நீண்டு, லாடம் முன்னுக்கு இழுபட்டு, பின்னால் குதிப்பக்கம் நசியும். உங்கள் கடிதத்தில் சொன்ன ஓர உடைவுக்குப் பாதிக் காரணம் இந்தப் பதினொரு கிழமை. இப்போது அடித்தால் எட்டுக் கிழமை முடியும்போது ஜனவரி வந்துவிடும். நம் மலையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு காய்ந்த காலம். கழற்ற வேண்டியது அப்போதுதான். இடையில் கிடைக்கும் இரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் ஆயுதத்துக்கு வேலை கொஞ்சம்தான்.

நெடுந்தீவுக் குதிரைகள் லாடமில்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன, அப்படியானால் நம் குதிரையும் வாழும் என்று பலர் சொல்வதுண்டு. முடிவு சரி, காரணம் அரைகுறை. நெடுந்தீவின் தரை காய்ந்தது, கடினமானது. அங்குள்ள குதிரைகள் தண்ணீரும் புல்லும் தேடி நாள் முழுதும் நடக்கின்றன. காய்ந்த தரை, நிறைய நடை, சீனி குறைந்த புல் மூன்றும் சேர்ந்துதான் அந்தக் குளம்பைச் செய்கின்றன. நம் குதிரைகள் பனிமூட்டத்தில், ஈரப் புற்தரையில், பாண் தின்றுகொண்டு நிற்கின்றன. லாடத்தை மட்டும் கழற்றிவிட்டு மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தால், குதிரை நொண்டும். "பார்த்தாயா, லாடம் இல்லாவிட்டால் இப்படித்தான்" என்று பழி தவறான இடத்தில் விழும்.

முதலில் அந்த வாடையைக் கவனிப்போம். குளம்பைத் தூக்கிப் பார்த்தால், குதியிலிருந்து முன்னோக்கிக் கூர்ந்து வரும் ரப்பர் போன்ற முக்கோணம் தெரியும். லாடம் அடிப்பவர்கள் அதைப் புரொக் என்பார்கள். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பள்ளம், நடுவில் ஒரு சிறு குழிவு. நலமான குளம்பில் நடுக்குழிவு அகலமாக, மேலோட்டமாக, பெருவிரல் நுனி பதியுமளவு இருக்கும். குளம்பு சுத்தம் செய்யும் கொக்கியின் முனை ஆழமாக இறங்கும் ஒடுங்கிய வெடிப்பாக இருந்து, கறுத்த கசிவும் நாற்றமும் வந்தால் அது அழுகல் நோய். காற்றுப் படாத ஈரத்திலும் சாணத்திலும் பெருகும் நுண்ணுயிர்களின் வேலை அது. குதி நோகிறதால் குதிரை குதியை முதலில் ஊன்றாமல் நுனியை ஊன்றும். நுனியை ஊன்றி நடக்க நடக்க, அதிர்ச்சி தாங்கும் குதிமெத்தை வேலையில்லாமல் மெலியும். சல்லிக்கல்லில் உங்கள் பெட்டை தயங்குவதற்கு இது பெரும்பாலும் ஒரு காரணமாக இருக்கும். பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியில் மெதுவான வேகத்தில் நடையைப் படமெடுத்துப் பாருங்கள்: எது முதலில் நிலம் தொடுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

மருந்து எளிது, விடாமல் செய்வதுதான் கடினம். நாள்தோறும் கொக்கியால் குதியிலிருந்து நுனிப் பக்கமாக மண்ணை எடுத்து, விறைப்பான தூரிகையால் தேய்த்து, கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பிறகு 10 சதவீத பொவிடோன் அயடீன் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கோஸ் துணியை நனைத்துப் பிழிந்து, நடு வெடிப்புக்குள் மெல்லச் செருகி வையுங்கள். மறுநாள் மாற்ற வேண்டும். இரண்டு கிழமை இப்படி. வலி குறைந்து, தோல் வெட்டுண்ட இடம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு மேசைக்கரண்டி சிங்க் ஒக்சைட் களிம்பில் கால் தேக்கரண்டி மயில்துத்தத் தூள் குழைத்துப் பள்ளங்களில் வைத்தால் மழை நாளிலும் நிற்கும். மயில்துத்தம் நஞ்சு, கையுறை போடுங்கள், மிச்சத்தைப் பீலிக்கரையிலோ ஓடையிலோ கழுவாதீர்கள்.

என்ஜின் ஒயில் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தையும் கிருமியையும் உள்ளே வைத்து மூடிவிடும், தோலுக்கும் கேடு. ஃபோர்மலின், கடுமையான பிளீச் இரண்டும் நல்ல தசையையே சுட்டுவிடும்.

இனித் தரை. எனக்கு உங்களிடம் ஒரே ஒரு வேலைதான் செய்யச் சொல்ல முடியும் என்றால், இதைத்தான் சொல்வேன். மழை நாளில் மூன்று மிருகமும் நிற்க, கூரை உள்ள காய்ந்த இடம் ஒன்று தேவை. 16 அடிக்கு 20 அடி போதும். மேல்பக்கச் சரிவில் தேயிலை மலையில் வெட்டுகிற மாதிரியே ஒரு கான் வெட்டி, மழைநீர் அந்த இடத்துக்குள் வராமல் சுற்றிப் போகச் செய்யுங்கள். மேல்மண்ணை ஓர் அடி எடுத்து, அடியைக் கீழ்ப்பக்கமாகச் சற்றுச் சரித்து விடுங்கள். முதலில் கைப்பிடியளவு கருங்கல் நாலைந்து அங்குலம், அதன்மேல் முக்கால் அங்குலச் சல்லி மூன்று நாலு அங்குலம் போட்டு இடித்து இறுக்குங்கள். அதற்கு மேலேதான் முக்கியமான அடுக்கு: பட்டாணியளவு உருண்டைக் கூழாங்கல், நாலு அங்குலம். இந்தப் பரப்புக்கு ஒரு கியூபுக்கு (100 கன அடி) சற்று மேல் பிடிக்கும். உடைத்த சல்லியை மேலே போடாதீர்கள். அதன் முனைகள் மெல்லிய அடியைக் குத்தும். உருண்டைக் கல் குதிரையின் எடைக்கு நகர்ந்து கொடுத்து, குளம்பின் குழிவை நிரப்பித் தாங்கும், புரொக்கைத் தினமும் உருவிவிடும், மூத்திரத்தையும் கீழே வடியவிடும். மட்டக்குதிரை அதில் நாளொன்றுக்குச் சில மணி நேரம் நின்றாலே சில மாதத்தில் அடித்தோல் தடிப்பதைக் காணலாம். படுப்பதற்கு ஒரு மூலையில் காய்ந்த மரத்தூள். சாணத்தை நாளுக்கு இரு முறை அள்ளுங்கள்.

செலவு என்று யோசிப்பீர்கள். லாடம் அடிப்பவருக்கு ஓராண்டில் கொடுக்கும் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது வாளியில் இருப்பது. பாணை இன்றே நிறுத்துங்கள். மட்டக்குதிரையும் கழுதையும் வறண்ட மேய்ச்சலில் பிழைக்கப் பழகிய உடம்பு. மாவும் சீனியும் கூடினால் குளம்புச் சுவரை உள்ளே இருக்கும் எலும்போடு பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்று, பிடி தளரும். அதன் அடையாளத்தை இப்போதே தேடலாம். அடியில் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு அகன்று, நார்நாராக, இரத்தக் கறையோடு இருக்கிறதா? சுவரின் வெளிப்புறத்தில் வளையங்கள் நுனியில் நெருக்கமாகவும் குதியில் அகலமாகவும் இருக்கின்றனவா? கழுத்தின் மேல்முகடு கட்டிபிடித்து நிற்கிறதா? மூன்றில் இரண்டு இருந்தால் உங்கள் குதிரைக்கு முதலில் வேண்டிய வைத்தியம் தீனி மாற்றம், லாடமும் அரமும் அப்புறம். உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இன்னும் கவனம். குளிரில் புல் வளராது, ஆனால் பகல் வெயிலில் சீனியைச் செய்துகொண்டே இருக்கும். சேர்ந்த சீனி புல்லிலேயே தங்கும். அந்த நாட்களில் மேயவிடுவதைக் குறைத்து, முற்றிய புல்லை வெட்டிக் கொடுங்கள்.

கிக்குயு புல்லில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அதிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நேப்பியர், கினியா போன்ற வெப்பநாட்டுப் புல் பலவற்றிலும் இது உண்டு. மாட்டின் முன்வயிற்றில் இதை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதால் மாடு ஓரளவு தப்பிவிடும், குதிரை தப்பாது. இதன் மேல் தவிட்டையும் வைத்தால், தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. இரண்டு பக்கத்திலிருந்தும் கல்சியம் இழுபடும். உடம்பு எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டுவதும், முகத்தின் இரு பக்க எலும்பு வீங்குவதும் இதன் அடையாளம். எனவே தவிட்டைக் கைப்பிடியாகக் குறைத்து, புல் வகைகளைக் கலந்து, தீனித்தரமான கல்சியம் காபனேற்றும் இருகல்சியம் பொசுபேற்றும் எவ்வளவு சேர்ப்பதென்று அரசாங்க மிருக வைத்தியரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வாயைச் சுடும், அது கூடாது. தேயிலை மண்ணுக்குப் போடும் டொலமைட்டும் தீனிக்கானதல்ல.

எடையை அறிய, முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். சுற்றளவு 145, நீளம் 132 என்றால் 234 கிலோ. உலர்நிலையில் அந்த எடையின் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் தீனி. உப்பு நாளுக்கு 20 முதல் 25 கிராம். இந்தக் கணக்கு கழுதைக்குப் பொருந்தாது. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதையும் கொடுக்க வேண்டாம். சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும். கீழ்நாட்டிலிருந்து வெட்டி வரும் தழையில் இப்பில் இப்பில் (சவுண்டல்) மரத்தின் இலை இருந்தால் ஒதுக்குங்கள். அதிலுள்ள நஞ்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்டவைத்து, குளம்பையும் கெடுக்கும்.

அதே எடைக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சேணத்தோடு சேர்த்து, சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 234 கிலோ குதிரைக்கு அது 47 கிலோ. வாவிக்கரையில் படம் எடுக்க ஏறும் பெரிய ஆட்களை ஏற்றாதீர்கள். பிள்ளைகளோடு நிறுத்துங்கள். ஒரு நாள் வருமானம் குறைவது தெரியும். குளம்பு நைந்த குதிரைக்கு ஒரு சீசன் முழுவதும் வருமானம் இல்லை என்பதையும் பாருங்கள்.

ஜனவரியில் லாடம் கழற்றும் முறை. சுவரின் வெளிப்புறத்தில் மடக்கி வைத்த ஆணிமுனைகளை அரத்தால் முழுவதும் தேய்த்து எடுங்கள். மடிப்பு மிஞ்சியிருக்க இழுத்தால் சுவரோடு பிய்ந்து வரும். பிறகு குதிப்பக்கத்தில் குறட்டின் வாயை நுழைத்து, உள்நோக்கியும் நுனியை நோக்கியும் கொஞ்சம், அடுத்த குதியில் கொஞ்சம் என்று மாறி மாறித் தளர்த்துங்கள். வெளிப்பக்கம் முறுக்கவே கூடாது. ஆணிகளை எண்ணிக் கையில் எடுங்கள். ஒன்று தரையில் விழுந்தால் அடுத்த அடியில் அது குளம்புக்குள். இரண்டு கால் லாடத்தையும் ஒரே நாளில் எடுங்கள். ஆணித்துளை இருக்கும் ஓரம் உடையும் என்பதால், அன்றே ஓரத்தை அரத்தால் உருட்டிவிட வேண்டும். முதல் திருத்தத்தை லாடம் அடிப்பவரே செய்யட்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, பிறகு இரு கிழமைக்கொருமுறை அரத்தால் பராமரிப்பது உங்கள் வேலை.

கவ்வாத்துக் கத்தி செடிக்குச் செய்தது. ஒரே இழுப்பில் கிளையை வெட்டும் வளைவு அதற்கு; குளம்பில் வைத்தால் எங்கே நிற்பதென்று கைக்குத் தெரியாது. உங்களுக்குத் தேவை 14 அங்குலக் குளம்பு அரம், கொக்கி, தூரிகை, நுனி வளைந்த சிறு குளம்புக் கத்தி, தடித்த கையுறை. கத்தியை அரிதாகவே எடுப்பீர்கள்.

முதலில் புரொக்கின் கூர்முனைக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். அரத்தை அடியின் குறுக்கே கிடைமட்டமாக வைத்து, பள்ளத்தின் அடிவரை ஒரு சிறு கோலால் அளந்தால் போதும். மட்டக்குதிரையில் 15 மி.மீ.க்குக் குறைந்தால் உள்ளங்கால் மெல்லியது. அந்தக் குளம்பின் அடியிலிருந்து ஒரு துகளும் எடுக்காதீர்கள். ஆழம் வேண்டுமென்று உள்ளங்காலைக் குழித்துச் செதுக்குவது நான் அறிந்த தவறுகளிலேயே கேடானது. குழிவு மேலிருந்து வளர்ந்து வர வேண்டும், கீழிருந்து தோண்டி வராது. சுண்ணாம்பு மாதிரித் தானாக உதிரும் பொடியைத் தூரிகையால் தள்ளினால் போதும்.

சுவரைக் குதியிலிருந்து நுனி நோக்கி அரமிட்டு, உள்ளங்காலின் ஓரத்தைவிட ஒன்றரை, இரண்டு மி.மீ. உயரம் இருக்கும்படி நிறுத்துங்கள். குதியும் அப்படியே, இரு குதியும் ஒரே உயரமா என்று பின்னாலிருந்து பாருங்கள். குதியிலிருந்து உள்ளே மடிந்து புரொக்கை ஒட்டி ஓடும் சுவரின் தொடர்ச்சி உள்ளங்கால்மேல் படிந்து கிடந்தால், அதை உள்ளங்கால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு குளம்பை முன்னுக்கு எடுத்து முழங்கால்மேல் வைத்து, வெளி ஓரத்தை 45 பாகைச் சரிவில், வெள்ளைக் கோட்டைத் தொடாமல், உருட்டுங்கள். சைக்கிள் டயரின் ஓரம் மாதிரி உருண்டால் உடையாது, சுவரைப் பிரித்து இழுக்கும் நெம்பும் இருக்காது. அகன்று விரிந்த இடத்தில் வெளிச்சுவரைத் தேய்க்கலாம். ஆனால் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறாதீர்கள். புரொக்கில் தொங்கும் கிழிசலை மட்டும் வெட்டுங்கள். இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ, பெருவிரலால் அழுத்தும்போது அடி விட்டுக்கொடுத்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எட்டுக் கிழமைக்கொருமுறை நிறைய வெட்டுவதைவிட, இரு கிழமைக்கொருமுறை ஐந்து நிமிடம் தேய்ப்பது குதிரைக்கும் உங்களுக்கும் நல்லது. மட்டக்குதிரை குள்ளமானது, காலை உங்கள் வசதிக்கு உயர்த்தாமல் நீங்கள் குனியுங்கள். காலை வெளிப்பக்கம் இழுத்தால் மூட்டு நோகும், அடுத்த முறை கால் தராது.

கழற்றிய முதல் இரண்டு கிழமை கூழாங்கல் தரையும் புற்தரையும் மட்டும். மூன்றாம் கிழமையிலிருந்து ஆளை ஏற்றாமல், கையில் பிடித்து, சமமான தார் ரோட்டில் பத்து நிமிடம், நாளுக்கு இரு முறை. ஆறாம் கிழமைக்குள் அரை மணி. சல்லி ரோட்டைவிடச் சமமான தார் ரோடு இந்தக் கட்டத்தில் நல்லது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சரிவான தார் ரோட்டில் இரும்பு வழுக்கும், வெறுங்குளம்பு பிடிக்கும். நம் வளைவு ரோடுகளில் இது பெரிய ஆதாயம். சல்லிக்கல்லில் போகும்போது கயிற்றைத் தளர்த்தி, ஓரத்தைத் தானே தேர்ந்து நடக்கவிடுங்கள். நடை குறுகினால், அல்லது தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டால், முந்திய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

ஆணிகள் ஏறக்குறைய 2 செ.மீ. உயரத்தில் வெளிவந்தவை. மாதத்துக்கு 8 மி.மீ. அளவில் வளர்ந்தால் துளைகள் கீழே வந்து மறைய இரண்டரை மாதம்; சுவர் முழுதும் மேலிருந்து புதிதாக இறங்க ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம். ஆகவே வரும் ஏப்ரல் சீசனுக்குப் பெட்டையை முழுநாள் வேலைக்கு எண்ணாதீர்கள். புற்தரையில் சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் என்றால் சரி. கட்டாயம் நடக்க வேண்டுமென்றால் முன்கால்களுக்குக் குளம்புச் சப்பாத்து போடலாம். திருத்திய அன்றே நீளத்தையும் அகலத்தையும் மி.மீ.இல் அளந்து, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அளவு பிசகினால் குதியைத் தேய்த்துப் புண்ணாக்கும்.

தேய்வு வளர்ச்சியை மிஞ்சுகிறதா என்று கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். மயிர்க்கோட்டிலிருந்து 1 செ.மீ. கீழே, நுனியின் நடுவில், அரத்தின் மூலையால் மிக மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். நாலு கிழமைக்கொருமுறை மயிர்க்கோட்டிலிருந்து கீறல் வரை, கீறலிலிருந்து தரை வரை என்று இரண்டையும் அளந்து எழுதுங்கள். முதலாவது கூடுவது வளர்ச்சி, இரண்டாவது குறைவது தேய்வு. அதில் நீங்கள் அரமிட்டதும் சேரும். தேய்வு மிஞ்சினால் தார் ரோட்டு நேரத்தைக் குறையுங்கள். குளம்புக்கென்று பயோட்டின் என்ற உயிர்ச்சத்தின் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 20 மி.கி. என்ற கணக்கில் கொடுப்பார்கள். பயன் தெரிந்தாலும் புதிய சுவர் இறங்கிய பிறகுதான் தெரியும். சிங்கும் செம்பும் போதாத தீனியில் பயோட்டின் மட்டும் கொடுப்பது வீண்.

கழுதையைக் குதிரை மாதிரித் திருத்தக்கூடாது. அதன் குளம்பு ஒடுங்கியது, செங்குத்தானது: நிலத்தோடு 60 முதல் 65 பாகை, குதிரைக்கு 50 முதல் 55. அடியிலிருந்து பார்த்தால் வட்டமாக இராது, குதிரைலாட வளைவைவிட நீண்டு ஒடுங்கியிருக்கும். புரொக் பின்னுக்குத் தள்ளி நிற்கும். குதியைக் குதிரை அளவுக்குத் தாழ்த்தினால் காலின் பின்புறமுள்ள நரம்புநாண் இழுபடும். செருப்பு மாதிரி நீண்டதை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். உள்ளே எலும்பு எப்படிக் கிடக்கிறதென்று படம் எடுத்துப் பார்ப்பதே பத்திரம். மிருக வைத்தியர் மூலம் பேராதனைக் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலையை அணுகுங்கள். பிறகு இரண்டு, மூன்று கிழமை இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையில் குறைக்க வேண்டும். அது முடிந்தால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்கொருமுறை போதும்.

கற்பிட்டி வறண்ட மண். கழுதையின் குளம்பு ஈரத்தை எளிதில் உறிஞ்சும், தோலும் மழையைத் தடுக்காது. நனைந்து நனைந்து வெள்ளைக் கோடு பிரிந்து, உள்ளே பொடியாக அரித்துப் போகும். தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். கூரையுள்ள காய்ந்த தரையை உங்களால் கொடுக்க முடியாவிட்டால், அதை வறண்ட பகுதியில் வேறு கழுதைகளோடு விடுவதுதான் நியாயம். இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை; ஆனால் தனித்து, நனைந்து நிற்கும் கழுதை சத்தமில்லாமல் துன்பப்படும். கழுதை வலியைக் காட்டாது. கொஞ்சம் மந்தமாக நின்றாலே கவனியுங்கள். மெலியவைக்க வேண்டுமென்று கழுதையையோ மட்டக்குதிரையையோ பட்டினி போடாதீர்கள். உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் திடீரெனக் கூடி உயிரையே எடுக்கும்.

சில நேரங்களில் அரத்தைத் தொடாமல் மிருக வைத்தியரை அன்றே கூப்பிட வேண்டும். நேற்று நன்றாக நடந்தது இன்று ஒரு காலை ஊன்றவே மறுத்தால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ். முறிவும் அப்படித்தான் தெரியும், ஆகவே ஊகிக்காதீர்கள். நீங்கள் தோண்ட வேண்டாம். லயத்துக் கூரைத் தகர ஆணி குத்தியிருந்தால், எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று வைத்தியர் பார்க்கும்வரை பிடுங்காமல், மேலும் ஏறாதபடி காலைத் தாங்கிக் கட்டி வையுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டதா என்றும் வைத்தியரிடம் சொல்லுங்கள். முன்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றால், குளம்பு சுட்டால், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறம் இரு பக்கமும் நாடி விம்மித் துடித்தால், அது குளம்பழற்சி. நடத்தாதீர்கள். தடித்த படுக்கையில் நிறுத்தி, வைத்தியர் வரும்வரை குளம்பை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். பச்சைப் புல்லையும் பாணையும் விலக்கி, ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்த காய்ந்த புல்லைக் கொடுங்கள்.

நாலு வயதுக் குட்டிக்கு லாடம் அடிக்க வேண்டாம். அதன் குளம்பில் ஆணித்துளை இல்லை, மெலிந்த குதியும் இல்லை. காய்ந்த தரையும் பாணில்லாத வாளியும் கிடைத்தால் அது பெட்டையைவிட எளிதாக நிற்கும். இப்போதே நாளுக்கு ஒருமுறை நாலு காலையும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்து, அரத்தின் சத்தத்துக்கும் பழக்குங்கள். அடுத்த கடிதத்தோடு மூன்று மிருகத்தின் குளம்புகளையும் பக்கவாட்டிலிருந்து தரைமட்டத்தில் ஒன்று, அடியிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து குதி தெரிய ஒன்று என்று படமெடுத்து அனுப்புங்கள். கழுவி உலர்த்தியபின், அரமிடுவதற்கு முன் எடுத்த படங்களாக இருக்கட்டும்.